செக்ரோலில் இடம்பெறாத கைத்தொழில்

இலங்கைத் தேயிலை சென்றடையாத நாடு உலகில் அரிது. அத்தேயிலைப் பொட்டலங்களின்மீதும் விளம்பரத் தாள்களின்மீதும் ஒரு பெண்ணின் உருவம் நூறாண்டுக்கு மேலாக நின்றுகொண்டிருக்கிறது. பின்னால் பச்சைச் சரிவு. இரு விரலிடையே ஒரு கொழுந்து. முதுகில் ஒரு கூடை. அப்பெண்ணின் பெயரை எவரும் கேட்டதில்லை என்று நம்மவர் பலர் எழுதியுள்ளனர். சரியாகவே எழுதினர். ஆயினும், அவள் முதுகிலிருக்கும் கூடையை முடைந்தவர் யார் என்று, அவளுக்காகப் பரிந்து பேசிய நாமும் கேட்கவில்லை. மலைநாட்டு மக்களை உழைப்பாளிகளாக மட்டுமே கண்டு பழகிய கண், அவர்களைப் பண்டம் படைப்பவர்களாகக் காணத் தவறிவிட்டது.

இத்தவறு துரைமாரிடம் தொடங்கியது என்பதில் ஐயமில்லை. தோட்ட நிர்வாகம் எழுதிவைத்த ஏடுகளுள் தலையாயது செக்ரோல் எனப்படும் பெயர்ப் பதிவேடு. வேலைக்கு வந்தவர் பெயர், வந்த நாள், பறித்த கொழுந்தின் எடை, கொடுத்த முற்பணம், பிடித்த கடன் ஆகியவை அதில் உண்டு. ஒரு நாள் முழுக் கூலியை 'ஒரு பேர்' என்றும், பாதிக் கூலியை 'அரைப்பேர்' என்றும் தோட்டத்து மக்கள் சொல்வது இப்பதிவேட்டின் வழி வந்த வழக்காகும். மனிதனின் பெயரே கூலியின் அளவாகிவிட்டது. அவன் என்ன செய்யக் கற்றவன் என்பதை எழுத மட்டும் அந்த ஏட்டில் ஒரு கட்டமும் இல்லை.

கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து ஆட்களைத் திரட்டும் வழக்கம் 1820களில் தொடங்கிற்று. திருச்சி, மதுரை, சேலம், தஞ்சை, இராமநாதபுரம், திருநெல்வேலி, புதுக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்து வந்தோர் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தனர். வழியில் மாண்டவர் பலர். கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் ஆள் மிகுதியாகத் தேவை. பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். 1867ஆம் ஆண்டில் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி மடிந்து தேயிலை எழுந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். பெண்களின் கையும் வேண்டும். 1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருடப் பஞ்சம் தமிழகக் கிராமங்களைச் சூறையாடிய காலமும் இதுவே. குடும்பங்கள் வந்து லயங்களில் தங்கின.

அவ்வாறு வந்தவர்களுள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த நிலமற்ற வேளாண் உழைப்பாளிகள். அவர்களோடு தோல் பதனிடத் தெரிந்தவரும், மூங்கில் முடையத் தெரிந்தவரும், துணி வெளுப்போரும், முடி திருத்துவோரும் வந்தனர். கங்காணியின் கணக்கில் அனைவரும் ஒரே சொல்லாயினர்: கூலி. சலவைத் தொழிலாளிக்கும் முடி திருத்துபவருக்கும் தோட்ட வாழ்வில் ஓர் இடம் கிடைத்ததுண்டு. முடைபவனுக்கோ பகலில் மலையில் மண்வெட்டியும் கவ்வாத்துக் கத்தியும். இரவில், இஸ்தோப்பில், குப்பி விளக்கின் ஒளியில்தான் அவனுடைய சொந்தத் தொழில்.

அத்தொழிலைச் சற்று நின்று பார்த்தல் வேண்டும். மூங்கிலை எப்போதும் வெட்டலாகாது; தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பது முடைவோர் நம்பிக்கை. மிக இளமூங்கில் காய்ந்ததும் சுருங்கும். முற்றியது வளையாமல் ஒடியும். இரண்டுக்கும் இடைப்பட்டதைத் தட்டிப் பார்த்தே தெரிந்துகொள்வர். கணுவைச் செதுக்கி, நெடுகப் பிளந்து, உட்புறச் சோற்றை நீக்கி, தோல்புறத்தைத் தனியே சீவி எடுப்பர். தோல்புறமே வலுவுள்ளது. சீவிய பத்தைகளை நீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவர். அடியில் பத்தைகளைக் குறுக்கும் நெடுக்குமாக விரித்து, நடுவில் இறுக்கிப் பின்னி, பின்னர் அவற்றை மேல்நோக்கி மடக்கிச் சுற்றுப்பத்தையால் வளைத்துக்கொண்டே ஏறுவர். கொழுந்துக் கூடைக்குச் சந்தைக் கூடையின் இலக்கணம் பொருந்தாது. கொழுந்து நசுங்கினால் சூடேறிக் கறுத்துவிடும். ஆதலால் காற்றுப் புகக் கண் வைக்கவேண்டும். கண் பெரிதானால் கொழுந்து சிந்தும். முதுகில் படியும் பக்கம் உறுத்தலாகாது. விளிம்பில் கட்டிய கயிறு உச்சந்தலையின்மீது வந்து படியும். அது அறுக்காதிருக்கத் தலையில் துணியை மடித்து வைப்பர். இரு கையும் கொழுந்துக்கு வேண்டுமாதலால் முழுப் பாரத்தையும் கழுத்து ஏற்கிறது. ஒரு கூடை கால் அங்குலம் ஒருபுறம் சாய்ந்தால், அதைச் சுமக்கும் பெண்ணின் கழுத்து நாள் முழுவதும் அந்தப் பிழையைச் சுமக்கும். தன் மனைவியும் மகளும் சுமக்கப்போகும் கூடையை முடைந்தவனுக்கு இது தெரிந்திருந்தது. எந்தத் தொழிற்சாலைப் பொறியியலாளனும் இதைவிடத் துல்லியமான தேவையை எதிர்கொண்டதில்லை என்பது எமது துணிபு.

எல்லாக் கூடையும் லயத்தில் பிறந்ததென்று நாம் சொல்லவில்லை. கண்டிப் பகுதிச் சிங்களக் கிராமங்களிலும் மூங்கிலும் பட்டாவும் முடையும் கைதேர்ந்தவர் உண்டு. மொழி வேறு, கையில் பட்ட கீறல் ஒன்றே.

இனி, அக்கூடை மடுவத்துக்குச் சென்ற கதையைக் கேட்போம். கொழுந்து மடுவத்தில் தராசு தொங்குகிறது. கணக்கப்பிள்ளை எடையைக் கூவுகிறார். கூவிய எடையிலிருந்து கூடைக்கென்று ஒரு கழிவு, மழைநாளாயின் ஈரத்துக்கென்று ஒரு கழிவு. கூடையின் எடையைக் கழிப்பது நியாயந்தானே என்று வாசகர் வினவலாம். உண்மையான எடையைக் கழித்தால் நியாயம். இத்தனை இறாத்தல் என்று ஒரு தொகையை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு, கூடை இலேசாயினும் கனமாயினும் அதையே கழிப்பது எவ்வகை நியாயம்? இலேசாக முடைவதே முடைபவனின் திறமை. அத்திறமையின் பயன் தராசைத் தாண்டவில்லை. கூடை மறைந்து நைலோன் பையும் உரச் சாக்கும் வந்த பின்னரும் கழிவு மறையவில்லை. பையின் பெயரால் அது தொடர்ந்தது. நாளொன்றுக்கு 18 கிலோ, 20 கிலோ என்று வகுத்த அளவை எட்டாதவளுக்கு அரைப்பேர் விழும்போது, கழிவில் போன ஒரு கிலோ என்பது பாதி நாள் கூலியாகிவிடுகிறது. தொழிலாளியின் கையிலிருந்து உழைப்புக் கருவி பறிக்கப்பட்ட வரலாற்றை மார்க்ஸ் விரிவாக எழுதினார். இங்கோ, கருவியைச் செய்து கொடுத்தவனும் தொழிலாளியே. அக்கருவியின் பெயரால் கூலி இழந்தவளும் தொழிலாளியே.

கூடையைப் பற்றிப் பேசுவது எளிது. தப்பைப் பற்றிப் பேசுவது அவ்வளவு எளிதன்று.

விடியுமுன் லயத்து மக்களை எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு அழைத்தது தப்பொலி. வளைமரத் துண்டுகளை இணைத்து வட்டச் சட்டம் செய்து, கன்றின் தோலைப் பதனிட்டுப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்து, நிழலில் உலர்த்தி, அடிக்குமுன் தீயில் காய்ச்சிச் சுருதி கூட்டுவர். மெல்லிய நீண்ட குச்சி ஒன்று, தடித்த குறுங்குச்சி ஒன்று; இரண்டும் இருவேறு ஒலி தரும். மலைநாட்டின் மழையிலும் பனியிலும் தோல் ஓயாமல் தளரும். ஆதலால் தீ மூட்டுவது அங்கே வாசிப்பின் பாதி. சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி. மாசி மாதத்தில் காமன் கூத்துத் தொடங்கினால், மதன் எரிந்து மீளும்வரை தோட்டம் முழுவதும் அந்த அடியின்மேல்தான் நடக்கும். இத்தனை நுட்பமும் கொண்ட கருவியை நிர்வாகம் தனக்கு வேண்டிய ஒரேயொரு செயலுக்காக எடுத்துக்கொண்டது: ஆளை எழுப்ப. மக்களின் சொந்தப் பறை அவர்களை வேலைக்கு விரட்டும் குரலாயிற்று. பிற்காலத்தில் சங்கும் மணியும் அவ்விடத்தைப் பிடித்தன.

ஆயினும் தப்பின் துயரம் துரையோடு முடிவதில்லை. அதைச் செய்தவரையும் அடித்தவரையும் தீண்டத்தகாதவரென்று ஒதுக்கியது துரையல்லன். அதே லயத்தில், அதே பீலியில் நீர் பிடித்த நம்மவரே. பெரிய கங்காணி தன் சாதியைக் கடல் கடந்து பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தான். யார் சாவுக்குத் தப்படிக்கவேண்டும், யாருக்கு எந்த லயம் என்பவற்றில் அது நெடுங்காலம் வாழ்ந்தது. எனவே, 'அழிந்துவரும் அருங்கலை' என்று கண்ணீர் சிந்திக்கொண்டு, தப்புச் செய்பவனின் மகனும் தப்பே செய்யவேண்டும் என விரும்புவோரோடு நாம் உடன்படமாட்டோம். இழவு வீட்டுக்குப் பறையெடுக்க மறுத்த இளைஞன் கலையைக் கொன்றவனல்லன், கட்டாயத்தை மறுத்தவன். தமிழகத்தில் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள், ஆண்களுக்கும் இழவுக்கும் உரியதென்று ஒதுக்கப்பட்ட அதே பறையைத் தாங்களே விரும்பி மேடையில் ஏந்தினர். மறுப்பும் ஏந்தலும் ஒரே விடுதலையின் இரு முகங்கள் என்றே நாம் கருதுகிறோம். இரண்டிலும் முடிவு செய்பவர் அக்கருவிக்கு உரியவரே.

இத்தகைய கைவினைகளைப் பற்றி அறிஞர்கள் எழுதவில்லையா? இதே மலைகளில் நடந்த ஒரு பெரும்பணியை இங்கே நினைவு கூர்தல் தகும். ஆனந்த குமாரசுவாமி, கனிம ஆய்வுத் துறையின் தலைவராக 1903 முதல் 1906 வரை இத்தீவில் பணியாற்றியபோது, கண்டிப் பிரதேசத்துக் கைவினைஞர்களை ஊர்தோறும் கண்டு அவர்களின் தொழில் நுட்பங்களைக் குறித்துவைத்தார். அப்பணி 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலாக 1908இல் வெளிவந்தது. வில்லியம் மொரிஸ் தமது புகழ்பெற்ற சோசர் பதிப்பை அச்சிட்ட அதே கையச்சுப்பொறியில் 425 படிகள் அச்சாயின. தந்தை வழியில் தமிழரான ஓர் அறிஞர் சிங்களக் கைவினைஞரின் பெருமையை உலகறியச் செய்தார். இன்று இதை இரு இனத்தாரும் நினைத்தல் நன்று. கண்டிக் கைவினைஞனுக்கு அரசனுக்குச் செய்த ஊழியத்துக்கு ஈடாக நிலம் இருந்தது. பரம்பரையும் பட்டப்பெயரும் இருந்தன. 1832இல் இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டு, தோட்டப் பொருளாதாரம் நாட்டைக் கவ்வியதும் அவன் நிலை தளர்ந்ததை அந்நூல் வேதனையுடன் பேசுகிறது. அந்தத் தோட்டத்துக்குள்ளேயே, நிலமும் பட்டமும் இல்லாமல் கூடை முடைந்தவன் அந்நூலின் எல்லைக்கு வெளியே நின்றான். நூலாசிரியரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் எடுத்த பொருள் வேறு. லயத்துக்கு ஒரு குமாரசுவாமி வரவில்லை என்பதே செய்தி.

லயத்தைப் பற்றி எழுதப்பட்டவை, லயத்தில் உள்ளோர் சொன்னவை என இரண்டையும் பிரித்துப் பார்ப்பது பயன் தரும். மலைநாட்டைப் பொருளாகக் கொண்டு அச்சேறிய தொடக்ககாலத் தமிழ் நூலான 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869இல் வந்தது. அதை இயற்றிய ஆபிரகாம் ஜோசப் தோட்டத்தில் கண்டக்டர் பதவியில் இருந்தவர். கும்மி என்னும் மக்கள் வடிவம் துரைமாரின் பயிர்த்தொழிலைப் போற்றப் பயன்பட்டது. தப்பு பெரட்டுக்குப் பயன்பட்டது போலவே! இதற்கு மாறான குரல் அச்சில் எழ அறுபது எழுபது ஆண்டுகள் சென்றன. கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனில் தொழிற்சங்கம் கண்டபோது, அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் துயரைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். பின்னர், பூண்டுலோயா மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த ஸி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர் அவர். அப்பாடல்கள் பாடுபவரின் சொந்தச் சொத்து. மலையும் மழையும் கங்காணியும் அவற்றில் வருவது போலவே கூடையும் வருகிறது. எனினும் பாட்டு ஒரு தொழிலின் துயரையும் களிப்பையும் சொல்லுமேயன்றி, பத்தையை எத்தனை நாழிகை ஊறவைப்பது என்று சொல்லாது. அது செய்பவன் வாயிலிருந்தே வரவேண்டும்.

அந்த வாய்களை நாடு இரண்டாகப் பிரித்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டு மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. இப்பங்கீட்டில் அண்ணன் ஒரு நாட்டவனும் தம்பி மறுநாட்டவனும் ஆயினர். தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. கைத்தொழில் என்பது புத்தகத்தில் இல்லை; பக்கத்திலிருந்து பார்த்துப் பழகுவது. மூங்கில் பிளக்கும் தகப்பன் கோத்தகிரிக்கோ கூடலூருக்கோ போய்விட்டால், இங்கே தங்கிய மகனுக்குப் பாதிக் கூடைதான் தெரியும். நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிலும் அதே கொழுந்து, அதே எடை, அதே வரிசை. மொத்தத்தில், பிளாஸ்டிக் வந்ததால் கூடை ஒழிந்தது என்னும் விளக்கம் அரை உண்மையே. பிளாஸ்டிக் வருமுன்னரே சங்கிலியின் கண்ணிகள் அறுபட்டிருந்தன.

கண்டிக்கு அண்மையில் ஹந்தானையில் 1925இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று 2001 முதல் தேயிலை அருங்காட்சியகமாக விளங்குகிறது. உருளை இயந்திரங்களும் டெய்லரின் நினைவுப் பொருள்களும் அங்கே ஒழுங்காகப் பேணப்படுகின்றன. மாணவரை அழைத்துச் செல்லத்தக்க இடமே. 2007இல் இன்னொன்று பிறந்தது. கம்பளைப் பகுதியில், நியூ பீகொக் தோட்டத்துப் பழைய லயக் காம்பராக்களைச் செப்பனிட்டு, சமூக அபிவிருத்தி நிறுவனத்தார் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் அமைத்தனர். அங்கே கட்டடமே முதற் காட்சிப் பொருள். கூரை தாழ்ந்த அறையில் ஒரு தலைமுறை சமைத்ததும் உறங்கியதும் பிறந்ததும் இறந்ததும் விளக்கமின்றியே விளங்கும். கூடையும் கம்பளியும் தப்பும் வீட்டுப் பாத்திரங்களும், அவற்றைப் புழங்கிய வீடுகளிலிருந்து வந்து சேர்ந்தவை. ஹந்தானையில் இயந்திரத்துக்கு இங்கிலாந்தில் செய்த கம்பனியின் பெயர் உண்டு. கூடைக்கும் செய்தவர் பெயரைக் கேட்டு எழுதிவைக்கும் பணி இன்னும் நிறைய எஞ்சியிருக்கிறது.

சுவீடன் நாட்டு எழுத்தாளர் ஸ்வென் லிண்ட்க்விஸ்ட், 'நிற்கும் இடத்திலேயே தோண்டு' என்று பொருள்படும் தலைப்பில் 1978இல் ஒரு நூல் எழுதினார். தொழிற்சாலையின் வரலாற்றை முதலாளி எழுதுவித்த நினைவு மலரில் தேடாமல், தன் வேலையின் வரலாற்றைத் தானே ஆராயத் தொழிலாளிக்கு வழி காட்டும் நூல் அது. சிமெந்துத் தொழிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவர் சொன்னதைத் தேயிலைக்குப் பொருத்துவது கடினமன்று. 2023இல், மலையகம் வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைந்து, ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்டு ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்த நடைபயணத்தில் மக்கள் தம் முன்னோர் வந்த வழியையே மீண்டும் மிதித்தனர். அதுவும் ஒருவகைத் தோண்டல்தான்.

அந்த ஆண்டில் எமது வகுப்பில் ஒரு சிறு வேலை கொடுத்தோம். வீட்டிலோ லயத்திலோ கையால் செய்த ஒரு பண்டத்தைத் தேர்ந்து, செய்தவரையே கேட்டு எழுதி வருமாறு சொன்னோம். முதல் வாரம் வந்தவை பெரும்பாலும் பாடப்புத்தகத்தின் நிழல்கள். "எங்கள் தாத்தா ஒரு தொழிலாளி" என்று தொடங்கி, தேயிலையின் ஏற்றுமதி வருமானத்தில் முடிந்தன. பிழை மாணவருடையதன்று. ஆண்டுதோறும் அதையே எழுதச் சொல்லி மதிப்பெண் இட்டவர் நாமே. மீண்டும் அனுப்பினோம், பண்டத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள் என்றோம்.

ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, அட்டாலியில் புகையேறிக் கிடந்த ஒரு கொழுந்துக் கூடையை எடுத்துத் தன் பாட்டனார் மடியில் வைத்திருக்கிறாள். "இதுல என்ன இருக்கு, எல்லாரும் செஞ்சதுதானே" என்றவர், கூடையைத் திருப்பிப் பார்த்ததும் பேசத் தொடங்கினாராம். விளக்கு வைத்த பின்னும் பேச்சு ஓயவில்லையாம். மூங்கில் எடுத்த ஓடை, காவற்காரனுக்குத் தெரியாமல் எடுத்த விதம், தமக்குக் கற்பித்த மாமா 1970களில் கோச்சியேறிய நாள், மடுவத்தில் கழிவுக்காக ஒருமுறை தாம் கூடையைத் தனியே தராசில் தூக்கி வைத்துக் காட்டியதும், அதற்காக மூன்று நாள் வேலை நிறுத்தப்பட்டதும் எல்லாம் அதில் வந்தன. பதினொரு பக்கம் எழுதியிருந்தாள்.

எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினாயா என்று கேட்டோம். இல்லை என்றாள். மறுநாள் கொப்பியைக் கொண்டுவந்தபோது ஓரிடத்தில் அடித்துத் திருத்தியிருந்தது. விளிம்பைப் பிரம்பால் கட்டுவது என்று அவள் எழுதியிருந்தாள். பிரம்புக்குத் தாம் எங்கே போவது, விளிம்புக்கும் மூங்கிலின் தோல்புறந்தான் என்று பாட்டனார் மாற்றச் சொல்லியிருக்கிறார்.